வடக்கு முகாமின் மூவாயிரத்து எண்ணூறு பேர்

புள்ளியம்மாவிடம் "சுமாரா எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் தொலைந்தார். "சுமார்னு ஒரு எண்ணே கிடையாதுப்பா" என்று ஆரம்பித்து, ஏன்டா கேட்டோம் என்று எதிராளி தலையில் கை வைக்கும்வரை விடமாட்டார். ராணுவத் துறையின் புள்ளிவிவரப் பிரிவில் குப்பை கொட்டியே தலை நரைத்தவர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மந்திரி முதல் மாடிப்படி பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் புள்ளியம்மாதான்.

நாட்டின் சிப்பாய்கள் எங்கெங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சபையில் உறுப்பினர் யாராவது கேள்வி கேட்டால், மந்திரி வாசிக்க வேண்டிய பதிலை எழுதிக் கொடுப்பது அவர் பிரிவின் வேலை. அதற்கு ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். ஒரு சிப்பாய்க்கு எந்த முகாமிலிருந்து சம்பளம் போகிறதோ, அந்த முகாமில்தான் அவர் இருக்கிறார். அவ்வளவுதான். ஆளைப் போய்ப் பார்க்க வேண்டாம், தலையை எண்ண வேண்டாம். மனுஷன் பொய் சொல்வான், சம்பளம் பொய் சொல்லாது என்பது புள்ளியம்மாவின் கட்சி.

கடல் தாண்டி ஒரு நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது வருடம். அங்கே ஆறாயிரம் பேர் வரை அனுப்பலாம், அதற்கு மேல் ஒருவர்கூடக் கூடாது என்று சபை தீர்மானம் போட்டிருந்தது. புள்ளியம்மாவின் கணக்கும் ஒவ்வொரு மாதமும் ஆறாயிரத்தைத் தொட்டு, தாண்டாமல் சமர்த்தாக நின்றது. தொலைக்காட்சியில் யாராவது "உண்மையான எண்ணிக்கையை மறைக்கிறார்கள்" என்று ஆரம்பித்தால், "வாய்க்கு வந்ததைப் பேசறான் பாரு. இவன் போய் எண்ணிட்டு வந்தானா?" என்று திட்டிவிட்டு அணைத்துவிடுவார். நீ மட்டும் போய் எண்ணினாயா என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அவர் வீட்டிலேயே ஒரு சிப்பாய் இருந்தார். மகளின் கணவர். ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கிறவர், நல்ல மனுஷர், மாமியாரைக் கிண்டல் செய்து சிரிக்கவைக்கத் தெரிந்த ஒரே ஆள். வடக்கு முகாமுக்குப் பயிற்சிக்கென்று போய் ஒன்பது மாதமாகிவிட்டது. நடுவில் ஒருமுறைகூட வீட்டுக்கு வரவில்லை. பயிற்சி கடுமை, விடுமுறை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அழுது முடித்த முகம்.

"அம்மா, அவருக்கு வேற யாரோ இருக்காங்க."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நேத்து மத்தியானம் ரெண்டரை மணிக்கு போன் பண்ணார். பேசிட்டே இருக்கும்போது பக்கத்துல யாரோ என்னமோ கேட்டாங்க. அதுக்கு இவர், 'இரு, இன்னும் விடியல, விடியட்டும்'னு சொல்றார். மத்தியானம் ரெண்டரைக்கு எந்த ஊர்லம்மா விடியும்? பட்டப்பகல்ல ஜன்னலைச் சாத்திக்கிட்டு எவ வீட்டுலயோ கிடக்கார்."

புள்ளியம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ராத்திரி டியூட்டி பார்த்திருப்பார்டி. பகல்ல தூங்கி எழுந்தவருக்கு எது விடியல், எது மத்தியானம்னு தெரியுமா?"

"அப்படின்னா எப்ப கூப்பிட்டாலும் ஏன் போன் எடுக்கறதில்ல? அவரா கூப்பிட்டாத்தான் உண்டு. ஒன்பது மாசமாம்மா!"

"இதோ பாரு. என் கணக்குல அவர் வடக்கு முகாம்ல இருக்கார். போன மாசச் சம்பளம் அங்கிருந்துதான் வந்திருக்கு. அங்க மூவாயிரத்து எண்ணூறு ஆம்பளைங்க இருக்காங்க. அத்தனை தடியனுங்களுக்கு நடுவுல எவடி வந்து இருக்கப்போறா?"

ஹாலில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த புள்ளியம்மாவின் கணவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "உங்கம்மா எண்ணிக்கை சொல்லிட்டா, அதுக்கு மேல அப்பீல் கிடையாதும்மா."

"அப்ப வா. நேர்ல போய்ப் பார்த்துடலாம்" என்றாள் மகள்.

புள்ளியம்மா ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்து அல்ல. தன் எண்ணை ஒருத்தி நம்பவில்லையே என்ற ரோஷம்தான். அதுவும் பெற்ற மகள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருந்து மாறி, கடைசி மூன்று கிலோமீட்டரை ஒரு லாரிக்காரர் புண்ணியத்தில் கடந்து, வடக்கு முகாமின் வாசலில் போய் இறங்கினார்கள். வாசலில் வயதான காவல்காரர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார். துறை அடையாள அட்டையைக் காட்டியதும் பதறி எழுந்து, ஒற்றைக் காலில் செருப்போடு சல்யூட் அடித்தார்.

"ஆய்வுக்கு வர்றதா தகவல் இல்லையே மேடம்."

"ஆய்வுன்னா சொல்லிட்டா வருவாங்க?" என்றார் புள்ளியம்மா கெத்தாக. மகள் முறைத்தாள்.

உள்ளே நுழைந்ததும் புள்ளியம்மாவுக்கு உறுத்திய முதல் விஷயம் அமைதி. மூவாயிரத்து எண்ணூறு பேர் இருக்கும் இடத்தில் ஒரு இருமல் சத்தமாவது கேட்க வேண்டாமா? துணி காயப்போடும் கம்பிகள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன, ஒரு பனியன்கூடத் தொங்கவில்லை. உடற்பயிற்சி மைதானத்தில் புல் முழங்கால் உயரம். எல்லோரும் வெளியே அணிவகுப்புக்குப் போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புல் முளைக்கும்வரை யாராவது அணிவகுப்புக்குப் போவார்களா என்று அவருடைய மூளையே திருப்பிக் கேட்டது.

முதல் தங்கும் கூடத்தின் கதவைத் தள்ளினார்கள். இரும்புக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் சுருட்டிக் கயிறு கட்டிய மெத்தை. அவற்றின் மேல் தூசி. அடுத்த கூடம், அதற்கடுத்த கூடம், எல்லாம் அப்படியே. மகள் ஒரு குழாயைத் திறந்தாள். அது இரண்டு முறை இருமி, துருப்பிடித்த தண்ணீரைக் கக்கியது.

"எங்கம்மா உன் மூவாயிரத்து எண்ணூறு?"

அந்தக் கட்டில்களில் ஆள் படுத்திருப்பதாகப் புள்ளியம்மா எத்தனை பதில்களில் எழுதியிருக்கிறார்! மூலம் சரியில்லை, கூட்டல் சரியில்லை என்று மற்றவர்களைப் படாத பாடு படுத்தியவர், ஆளில்லாத கட்டிலைப் பார்த்துப் பேயறைந்தது போல நின்றார்.

எங்கிருந்தோ உருளைக்கிழங்கு வேகும் வாசனை வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் சமையல்கூடம். கல்யாண வீட்டுக்குச் சமைக்கலாம் போன்ற அடுப்புகள் வரிசையாக அணைந்து கிடக்க, மூலையில் ஒரே ஒரு சின்ன அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் கொதித்தது. தலை முழுக்க நரைத்த சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார்.

"வாங்க மேடம், வாங்க. தலைமை அலுவலகமா? சாப்பிடறீங்களா? ஒன்பது பேருக்கு வச்சது, பதினோரு பேருக்கு வராதா என்ன."

"ஒன்பது பேரா?"

"ஆமா. நான், வாசல்ல செருப்பு தைக்கறாரே அவரு, தோட்டக்காரரு, கிடங்கு பார்க்கறவரு, இன்னும் நாலஞ்சு பேரு. எல்லாம் ரிட்டையராகப் போற கேஸுங்க. எங்களை அங்க அனுப்பினா தூக்கிட்டு நடக்கத் தனியா ஆள் வேணும்னு விட்டுட்டாங்க." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

"அங்கன்னா?" என்று கேட்டது மகள்.

சமையல்காரர் அவளையும் அலுவலகத்து ஆள் என்றே நினைத்துக்கொண்டார். "வேற எங்கம்மா, சண்டைக்குத்தான். ஆறு மாசத்துக்குள்ள திரும்பினா சட்டப்படி சம்பளம் இங்கயே போடலாமே. அதனால அஞ்சரை மாசம் ஆனதும் எல்லாரையும் விமானத்துல ஏத்திக் கூட்டி வருவாங்க. விமான நிலையத்துக் கொட்டகையிலயே ஒரு ராத்திரி படுக்கை. வந்தாச்சுன்னு கையெழுத்து. மறுநாள் திரும்பவும் ஏத்தி அனுப்பிடுவாங்க. வீட்டுக்கு மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடறாங்க. பாவம், பொண்டாட்டி புள்ளைங்க இருக்கிற ஊருக்கு மேலயே பறந்து வந்து, பறந்து போறானுங்க." புள்ளியம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியாததா மேடம்? மாசாமாசம் மூவாயிரத்து எண்ணூறுன்னு நீங்கதானே எழுதறீங்க?"

புள்ளியம்மா பக்கத்திலிருந்த அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மத்த முகாம்?"

"தெற்குல ஆறு பேர்தான் சாப்பாட்டுக்குன்னு என் மச்சினன் சொன்னான். அங்க அவன் சமையல். எல்லாம் ஒரே கதைதான்." சமையல்காரரின் சிரிப்பு இப்போது குறைந்திருந்தது. "அங்க அடிபட்டுச் செத்தவங்களையும் இந்த முகாம் பேர்லதான் எழுதறாங்க. வண்டி விபத்துன்னு. இங்கதான் ஓட்டறதுக்கு ஒரு வண்டியும் கிடையாதே, எப்படி விபத்து ஆகும்? யார் கேக்கறாங்க?"

வண்டி விபத்து! இந்த வருடம் முகாம்களில் வாகன விபத்துச் சாவுகள் நான்கு மடங்கு ஏறியிருப்பதைத் துறையிலேயே முதலில் கண்டுபிடித்தவர் புள்ளியம்மாதான். சும்மா இருக்காமல், "ஓட்டுநர்களுக்குக் கூடுதல் பயிற்சி அளிக்கலாம்" என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். இயக்குநர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பயிற்சிச் செலவு மும்மடங்கானபோதும் அப்படித்தான். எரிபொருள் விலையேற்றமே காரணம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் எழுதி, அதில் ஒரு வரைபடமும் போட்டிருந்தார். குண்டடிபட்டுச் செத்தவர்களுக்கு நிதானமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார் பெரிய மேதாவி.

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுச் சமையல்காரரே அடுப்பை அணைத்துவிட்டார்.

"அப்ப அங்க விடியக்காலைதான். பொய் சொல்லல அவர்." சிரிப்பு அப்படியே அழுகையாகத் திரும்பியது. "வேற பொம்பளையா இருந்திருக்கலாமேம்மா! ரெண்டு அறை விட்டு இழுத்துட்டு வந்திருப்பேனே."

திரும்பிய பேருந்திலிருந்து இறங்கும்போது அவள் தாயின் கையைப் பிடித்தாள். "அவரை வரவைம்மா. உன் ஆபீஸ்தானே. நீதானே எல்லாரையும் எங்க இருக்காங்கன்னு எழுதறே. எழுதி வரவை."

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் புள்ளியம்மா இயக்குநரின் அறைக்குள் போனார். இயக்குநர் கெட்டவர் அல்ல. பிறர் மனம் நோகப் பேசத் தெரியாதவர், அந்தக் காரணத்துக்காகவே யாரிடமும் உண்மை பேசாதவர். புள்ளியம்மா வடக்கு முகாமுக்குப் போனதைச் சொன்னதும் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்" என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "விலைவாசின்னு அவ்ளோ அழகா ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்தீங்களே. என்ன சாமர்த்தியம்னு மந்திரியே வியந்து போனார்."

"எத்தனை பேர் சார்?"

"எதுக்கும்மா இப்ப?"

"எத்தனை பேர்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுமாரா இருபத்து மூணாயிரம் இருக்கும்."

சுமாராவாம். மனிதர்களைச் சொல்கிறாரா, மாங்காயைச் சொல்கிறாரா? புள்ளியம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறாயிரத்தின் இடத்தில் இருபத்து மூவாயிரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள், அந்தச் சோற்றை உருண்டை பிடித்துப் பரிமாறியவர் அவர்தான்.

"செலவு?"

"பயிற்சிச் செலவுன்னு போகுதே, அதுல பத்துல ஒன்பது பங்கு அங்கதான். சாப்பாடு, எரிபொருள், குண்டு, விமானம். சண்டைச் செலவுன்னு நாம சபையில சொல்றது ஒரு பிடி உப்பு. நிஜமா ஆகறதை வச்சு நாட்டுல இருக்கிற அரசு ஆஸ்பத்திரி எல்லாத்தையும் ரெண்டு வருஷம் நடத்தலாம்." சொல்லி முடித்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது போல. குரலைத் தணித்தார். "இது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. சரியா?"

"என் மாப்பிள்ளை அங்க இருக்கார் சார்."

இயக்குநர் உண்மையாகவே கலங்கினார். "அடடா. முதல்லயே சொல்லக் கூடாதா? இது ஒரு விஷயமா? நாளைக்குச் சபையில கேள்வி இருக்கு, எப்பவும் போல நல்லபடியா முடிச்சுக் கொடுங்க. நான் மாப்பிள்ளையை இந்த வாரமே வரவைக்கறேன்."

புள்ளியம்மா தலையாட்டினார். ஒளிப்பானேன், சந்தோஷமாகவே தலையாட்டினார். மற்ற இருபத்து இரண்டாயிரத்துச் சொச்சம் பேரும் அந்த நிமிடம் அவர் நினைவில் இல்லை. மகளின் முகம்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் நியாயம் பேசலாம், சொந்தப் பிள்ளை என்று வந்தால் யாரும் அப்படித்தான்.

இயக்குநர் அவர் எதிரிலேயே சிப்பாய்களை இடம் மாற்றும் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசினார். மாப்பிள்ளையின் ராணுவ எண்ணைச் சொன்னார். ஊருக்கு வரவழைக்கும் உத்தரவு வேண்டும் என்றார். பிறகு வெகுநேரம் "ம்", "ம்" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தபோது முகம் சுருங்கியிருந்தது.

"ஒரு சின்னச் சிக்கல் புள்ளியம்மா. திரும்பி வர உத்தரவு போடணும்னா, ஆள் வெளிநாட்டுல இருக்கணும்."

"இருக்காரே சார்!"

"எழுத்துல வடக்கு முகாம்லதானே இருக்கார். இங்க இருக்கிறவரை இங்க வான்னு எப்படிம்மா உத்தரவு போடறது?"

"அப்ப அங்க இருக்கார்னு எழுதிட்டு, அப்புறம் கூப்பிடுங்க."

"எழுதினா ஆறாயிரத்து ஒண்ணு ஆயிடும். சபைத் தீர்மானத்தைத் தாண்டிடும். இடம் இல்லம்மா, நிரம்பிடுச்சு." இயக்குநர் கைகளை விரித்தார். "அஞ்சரை மாசம் முடிஞ்சு கொட்டகைக்கு வருவார்ல, அப்ப பார்க்கலாம். இன்னும் ரெண்டு மாசம்தான். அதுக்குள்ள ஒண்ணும் ஆகாது."

அதற்குள் ஏதாவது ஆனால் வண்டி விபத்து என்று வரும். அந்தத் தாளும் புள்ளியம்மாவின் மேஜைக்குத்தான் வரும். அவர் எழுந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மாப்பிள்ளையைக் கட்டிப்போட்டிருப்பது எதிரியின் துப்பாக்கி அல்ல, வடக்கு முகாம் என்ற வரிக்கு நேரே அவர் எழுதிய எண்தான். அது நிற்கும்வரை அந்த மனுஷர் ஊரில்தான் இருக்கிறார், ஊரில் இருப்பவர் ஊருக்குத் திரும்ப முடியாது. பல வருடமாகச் சம்பளத்தை எண்ணி ஆளை எண்ணியதாக நினைத்துக்கொண்டிருந்த முட்டாள்தனத்துக்கு அவர் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். பக்கத்து மேஜைக்காரர் ஜலதோஷமா என்று கேட்டார்.

மறுநாள் சபை. மந்திரியின் இருக்கைக்குப் பின்னால், ஒரு தடுப்புக்கு அப்பால், துறை அலுவலர்கள் உட்காரும் சின்ன அடைப்பு இருக்கிறது, அலுவலர் பெட்டி என்பார்கள். அங்கிருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது. எதிர்பாராத துணைக்கேள்வி வந்தால் பதிலை ஒரு சீட்டில் எழுதி முன்னால் அனுப்பலாம், அவ்வளவுதான். இயக்குநர் காதோடு சொல்லச் சொல்ல, எழுதுவது எப்போதும் புள்ளியம்மாதான். அவர் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், மந்திரிக்குக் கண்ணாடி தேவைப்படாது. மந்திரி சீட்டை முன்கூட்டிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர். வந்ததை அப்படியே கணீரென்று வாசிப்பார். ஒருமுறை இயக்குநர் அனுப்பிய "குரலை உயர்த்திப் பேசவும்" என்பதையும் பதிலோடு சேர்த்து வாசித்து, அது சபைக் குறிப்பிலேயே ஏறிவிட்டது.

பதில் வாசிக்கப்பட்டது. கடல் கடந்து இருப்போர் ஆறாயிரத்துக்குள். மேஜைகள் தட்டப்பட்டன. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் உறுப்பினர் எழுந்தார்.

"பயிற்சிச் செலவு இந்த வருஷம் மூணு மடங்கு ஆனதா மந்திரி சொல்றார். அப்படி யாருக்கு என்ன பயிற்சி கொடுக்கறீங்க? வடக்கு முகாம்ல இப்ப எத்தனை பேர் பயிற்சில இருக்காங்க?"

மந்திரியின் கை வழக்கம்போலப் பின்னால் நீண்டது.

"எரிபொருள் விலையேற்றம்னு எழுதுங்க. முகாமுக்குப் பழைய எண்ணையே போடுங்க" என்று இயக்குநர் காதில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியின் கோப்பைப் புரட்டத் திரும்பினார்.

புள்ளியம்மா பேனாவைத் திறந்தார். வேலை போகும், ஓய்வூதியம் போகும், வழக்கு வரும். எல்லாம் தெரிந்தது. மாப்பிள்ளையைத் திட்டமிட்டு ஏதாவது செய்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது, அந்தப் பயம்தான் பேனாவை ஒரு கணம் நிறுத்தியது. ஆனால் அவரை எழுத்தில் கொண்டுபோய் அங்கே வைக்காமல் அங்கிருந்து கூப்பிட வேறு வழியே இல்லை. அவரை மட்டும் தனியாக வைக்கவும் வழியில்லை. எல்லோரையும் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். குண்டு குண்டாக எழுதி மடித்து முன்னால் நீட்டினார்.

மந்திரி பிரித்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மதிப்புக்குரிய உறுப்பினருக்குத் தெரிவித்துக்கொள்வது. பயிற்சிச் செலவு எனக் காட்டப்படுவது பயிற்சிக்கானது அல்ல. கடல் கடந்து சண்டையிலுள்ள இருபத்து மூவாயிரம் பேருக்கானது. வடக்கு முகாமில் தற்போது இருப்பவர்கள் ஒன்பது பேர். முகாம்களில் வாகன விபத்தில் இறந்ததாகக் காட்டப்பட்டவர்கள் அங்கே சண்டையில் இறந்தவர்கள்."

கணீரென்று வாசித்து முடித்து, பழக்க தோஷத்தில் உட்காரவும் போனார். பாதி உட்கார்ந்த நிலையில்தான் தான் வாசித்தது அவர் காதில் விழுந்தது.

இப்போது கூச்சல் கிளம்பும், "இருபத்து மூவாயிரமா!" என்று எழுந்து நிற்பார்கள் என்று புள்ளியம்மா காத்திருந்தார். யாரும் எழவில்லை. முன்வரிசைகளில் இருந்த ஒவ்வொரு முகமும் மெதுவாக அலுவலர் பெட்டிப் பக்கம் திரும்பியது. எவள் எழுதியது என்று தேடின அந்தக் கண்கள். அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த எண் அவர்களுக்குப் புதிது அல்ல. அதை யாரோ சத்தமாக வாசித்ததுதான் அவர்களுக்கு அதிர்ச்சி. கேள்வி கேட்ட பின்வரிசைப் பெண் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சபையில் அதிர்ந்துபோனவர்கள் அந்த ஒருத்தியும் புள்ளியம்மாவும்தான்.

இயக்குநர் அவர் முழங்கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வெளியே நடைவழிக்கு வந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! உங்க வேலை போச்சு, என் வேலையும் போச்சு. நாளைக்கு ஜெயில்ல இருப்போம், தெரியுமா?"

"இருக்கட்டும் சார். இப்ப என் மாப்பிள்ளை அங்கதானே இருக்கார்? மந்திரியே சொல்லிட்டாரே. திரும்பி வர உத்தரவு போடலாம்ல?"

அதற்குள் உள்ளே யாரோ அழைக்க, இயக்குநர் ஓட்டமாகத் திரும்பிப் போனார்.

அலுவலர் பெட்டிக் கதவருகே நின்ற பெண் காவலரிடம், புள்ளியம்மாவை வெளியே போகவிடாமல் உட்காரவைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. காவலருக்கு முப்பது வயது இருக்கும், கஞ்சி போட்ட சீருடை. நடைவழி பெஞ்சில் அவரை உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் விறைப்பாக நின்றாள். கொஞ்ச நேரம் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தவள், அங்கும் இங்கும் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா? வடக்கு முகாம்ல ஒன்பது பேர் இருக்காங்கன்னு மந்திரி வாசிச்சாரே."

"ஆமாம்மா."

"என் தம்பி அங்கதான் பயிற்சில இருக்கான். போன வாரம்கூடப் பேசினான். சாப்பாடு நல்லா இருக்குன்னான்." அவள் குரலில் கெஞ்சல் வந்துவிட்டது. "அந்த ஒன்பது பேர்ல அவன் இருப்பான்தானேம்மா? நீங்க நேர்ல பார்த்தீங்களா?"

புள்ளியம்மா சமையல்கூடத்தை நினைத்தார். நரைத்த தலைகளை நினைத்தார்.

"தம்பிக்கு என்ன வயசும்மா?"

"இருபத்து ரெண்டு."

பொய் சொல்லத்தான் வாய் வந்தது. இருபது வருடத்துக்கு மேலான வேலையில் தெரிந்து ஒரு பொய்யும் சொன்னதில்லை, தெரியாமல் எழுதியதைத் தவிர. புள்ளியம்மா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"முதல்ல உட்காரும்மா" என்றார்.